தாயாகப் போகும் தங்களுக்கு

சீட்டில் அறுபத்து மூன்று, சுவரில் எரிவது நாற்பது, இடையில் இருபத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல், மூன்று கவுண்டர் கட்டி வைத்து ஒன்றில்தான் போன் கம்பெனிக்காரன் ஆளை உட்கார்த்தியிருக்கிறான், மற்ற இரண்டு பேரின் உழைப்பையும் இந்த ஒரு பெண்ணிடமே பிழிகிறான், சரி, அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம், இப்போது மணி இரண்டு, நாலு மணிக்குப் படப்பையில், சங்க வேலையில் எனக்குத் துணையாக இருக்கிற காஞ்சனா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள், சகாயராணியை நடுவில் உட்கார வைத்து, அவள்தான் காட்டிக்கொடுத்தாளா என்று நான் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆமாம் என்றோ இல்லை என்றோ. வாசலில் காவல்காரன் கேட்டான், "ரீசார்ஜா பெரியவரே? அதுக்கு வெளியில மெஷின் இருக்கு." புகார் என்றேன். "சிம் தொலைஞ்சிருச்சா?" "தொலையலப்பா, கூடவே இருக்கு, அதுதான் புகார்." சிரித்துவிட்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவன் சிரித்தபோது எனக்கு முதுகு வேர்த்தது. இந்த ஏ.சி. குளிரில் வேர்க்கிறது. சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலேயே, கைபேசி சூடாக உட்கார்ந்திருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை, நானும் தொடவில்லை, பிறகு எதற்குச் சூடு, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டால் தொடையில் சுடும். அணைத்துவிட்டால் ஏன் அணைத்தான் என்று குறித்துக்கொள்வார்கள். ஐம்பது வருடம் போலீஸ்காரனைப் பார்த்தே வளர்ந்தவன் நான், அவனுக்கு ஒரு முகம் உண்டு, செருப்பு தேய்ந்திருக்கும், தேநீர்க் கடையில் ஒரே செய்தித்தாளை இரண்டு மணி நேரம் படிப்பான், தூரத்திலேயே சொல்லிவிடுவேன் அதோ அவன் என்று. இதற்கு முகம் எங்கே இருக்கிறது. நீலச் சட்டை போட்ட ஒருவன் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறான், இல்லை, என் தலைக்கு மேல் இருக்கும் எண்ணைப் பார்க்கிறான், எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நாற்பத்தொன்று.

செய்தி வந்தது இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை. கம்பெனியிடமிருந்தே, என் எண்ணுக்குச் சேவை தருகிறவனிடமிருந்தே. "விரைவில் தாயாகப் போகும் தங்களுக்கு இனிய வாழ்த்துகள்!" கீழே குழந்தைச் சட்டைக் கடை ஒன்றின் சலுகை. எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவன், இடது கண்ணில் புரை, எனக்கு. அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு நொடி சிரித்தேன், அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தேன், என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. ஏனென்றால் வளைகாப்பு என்பது எங்கள் ரகசியச் சொல், சங்கக் கூட்டத்துக்கு. மில் காலத்தில் கல்யாணம் என்றால் வேலைநிறுத்தம், மாப்பிள்ளை என்றால் தலைமறைவில் இருக்கிற தலைவர், சம்பந்தி வீடு என்றால் காவல் நிலையம். அந்தப் பழக்கத்தில் நான்தான் இந்தப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன், உங்களுக்கு வளைகாப்பு பொருத்தம், ஆம்பிளை யாரும் வரமாட்டான், நாற்பது பெண்கள் ஒரு மண்டபத்துக்குள் போனால் எவனும் ஏன் என்று கேட்கமாட்டான். சார்ஜர் செய்கிற தொழிற்சாலை, ஒரகடத்தில், மொத்தமும் ஒப்பந்தப் பெண்கள், கழிவறைக்குப் போக ஏழு நிமிடம், எட்டாவது நிமிடத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். சங்கம் வைக்க வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தி சகாயராணிக்கு உண்மையிலேயே ஆறாவது மாதம், அதனால் பொய்யும் இல்லை. நான்தான் மண்டபம் தேடினேன், இந்தப் போனில்தான், வேலைநிறுத்தம் என்று தப்பித் தவறியும் அடிக்காமல், எத்தனை உஷார், வளைகாப்பு மண்டபம், ஒரகடம், சிறியது, ஆறாம் மாதம் வளைகாப்பு செய்யலாமா, வளையல் மொத்த விலை என்று ஒரு வாரம் அடித்தேன். பழைய ஆள், பழைய தந்திரம், எவனையும் ஏமாற்றிவிடுவேன் என்று ஒரு பெருமை. பெருமை என்ன பெருமை. ஆனால் இரவு படுத்துக்கொண்டு மற்றதையும் தேடினேனே, வேலைநிறுத்தத்துக்கு எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும், எத்தனை பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், அதை எந்தச் சொல்லில் மூடுவது, அதற்கு மில் காலத்தில் வக்கீல் வீட்டுக்கு நேரில் போவோம், பின்வாசல் வழியாக. இதற்குப் பின்வாசல் கிடையாது என்று யார் எனக்குச் சொன்னார்கள். நாற்பத்தாறு.

ஞாயிற்றுக்கிழமை. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது. பெண்கள் ஐந்தைந்து பேராகப் பட்டுச் சேலையில் வந்து இறங்குகிறார்கள், மண்டப வாசலில் தொழிற்சாலையின் எச்.ஆர். பிரதீப் நிற்கிறான், கையில் தாம்பாளம், தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். "வாங்கம்மா வாங்க. என்னம்மா இது, எங்களுக்குச் சொல்லாம விட்டுட்டீங்களே? ஒரே குடும்பம்னு சொல்றோம், குடும்பத்துக்குச் சொல்ல வேணாமா?" ஒவ்வொருத்தியையும் கையை நீட்டச் சொல்கிறான். நீட்டினால் அவனோடு வந்தவள் ஒருத்தி வளையல் போடுகிறாள், பிரதீப் சிரித்தபடியே கேட்கிறான், "பேர் என்னம்மா, எந்த லைன்?" பக்கத்தில் ஒருவன் படம் எடுக்கிறான். நான் உள்ளே பந்திக் கூடத்தில் இருந்தேன். சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தேன், பேச்சுக்குக் குறிப்பு வைத்துக்கொண்டு. சன்னல் வழியாகப் பார்த்ததும் சமையல்காரர் பக்கத்தில் போய்க் குனிந்து வாழைக்காய் நறுக்க ஆரம்பித்தேன். வளையல் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு கை, அடுத்த கை, அடுத்த கை. முப்பத்தெட்டுக் கை. நான் வெளியே வந்து, என்னய்யா இது என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எழுபத்து நாலாம் வருடம் குதிரைப் போலீஸ் முன்னால் நின்றவன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், நின்றேன்தான், அப்போது வயது குறைவு, கூட எண்ணூறு பேர் நின்றார்கள். வாழைக்காயின் பால் கையில் ஒட்டி இரண்டு நாள் போகவில்லை. காஞ்சனாவிடம், பஸ் தாமதம், நான் வரும்போது அவன் காரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன் என்று சொன்னேன். மறுநாள் எட்டுப் பேருக்கு ஒப்பந்தம் முடிந்தது, நாளை முதல் வர வேண்டாம். சங்கம் அமைக்கும் குழுவில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர். சகாயராணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், உட்கார்ந்து செய்கிற வேலையும் கொடுத்தார்கள். அதனால் அவள். எல்லோருக்கும் அதுதான் கணக்கு, ஒன்பதில் எட்டு போனால் மிச்சம் காட்டிக்கொடுத்தவள். அவளை மட்டும் ஏன் வைத்தார்கள் என்றால், இல்லை, அதை அப்புறம் யோசிக்கலாம், முதலில் இந்தப் புகார்.

பக்கத்து நாற்காலி அம்மா கேட்கிறார், "உங்களுக்கும் கண்டது கழியது வருதா சார்?" தலையை ஆட்டினேன். "எனக்கு மூட்டு வலித் தைலமா வருது. நான் எதையும் தேடவே இல்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட வாயால சொன்னேன், முட்டி வலிக்குதுன்னு. அவர் காதுல விழல, இதுக்கு விழுந்திருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் இதன் முன்னால் வாயால் என்னென்ன சொன்னேன் என்று பார்க்கிறேன். தனியாக இருக்கிறவன் சத்தமாகப் பேசிக்கொள்கிறான். என்னென்ன கேட்டேன். இடது தோள் வலித்தால் என்ன. சாப்பாடு இறங்கவில்லை என்றால் என்ன. தனியாக இருப்பவர் செத்தால் எத்தனை நாளில் தெரியும். இதை ஒரு மனிதரிடம் கேட்டதில்லை, தோழர்களிடம் கேட்பேனா, மாசிலாமணியா இப்படிக் கேட்பது என்பார்கள். ஒரு நாள் மத்தியானம், மழை, எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன், தணிகாசலம், வியாசர்பாடி. ஒன்றும் வரவில்லை. யாரோ வக்கீல், யாரோ நகைக்கடை. ஆனால் நான் தேடினேன் என்பது அங்கே இருக்கிறது. எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் என்று தெரியாது, அங்கே இருக்கிறது, இந்தக் கிழவன் இந்தப் பெயரை இந்த நேரத்தில் தேடினான் என்று. என் தாயாருக்குச் சொல்லாதது, கட்சிக்குச் சொல்லாதது. எவனாவது ஒருவன் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு, யார் இந்தத் தணிகாசலம், எதற்கு இவனுக்கு அவன், என்று கேட்டால். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதுவும் இதற்குக் கேட்கும், ஒரு துணிதான் இடையில். ஐம்பத்திரண்டு. வேகமாகப் போகிறது. மெதுவாகப் போனால் தேவலை.

தணிகாசலம் என்னோடு ஒரே தறிக் கூடத்தில் இருந்தான், நெருக்கடி நிலை வந்த வருடம் துண்டறிக்கை அடித்தோம், கொத்தவால் சாவடிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம். அடித்தவன் நான், எழுதியதும் நான், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன், துண்டறிக்கை படித்தே எழுதக் கற்றேன், என் வாக்கியத்துக்கு வாத்தியார்கள் கைதட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் போலீஸ் வந்து நான்கு பேரைத் தூக்கியது, அறிக்கைக் கட்டுகளை ஒளித்த இடத்தை நேராகப் போய்த் தோண்டியது. யார் சொன்னது என்று கமிட்டி என்னைத்தான் கேட்டது, மாசிலாமணி முகர்ந்து சொல்லிவிடுவான் என்று. இடம் தெரிந்தது எனக்கும் அவனுக்கும். நான் அவன் பெயரைச் சொன்னேன். அதையும் துண்டறிக்கையாக எழுதினேன், நல்ல நடையில் எழுதினேன், இன்றைக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு அந்தத் தெருக் குழாயில் அவன் பெண்டாட்டி குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவனைப் பார்த்தேன், எனக்குப் பின்னால் நின்றான், மெதுவாகக் கேட்டான், "மாசிலா, நீயாவது நம்புறியாடா?" நான் முன்னால் இருப்பவனின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதை நம்புகிறேன் என்று கேட்டான், அவன் செய்யவில்லை என்பதையா, அவன் செய்தான் என்பதையா. அச்சடிக்கும்போது வீணான தாள்களை அடுப்பில் போட வேண்டியது என் வேலை. அறிக்கை அடித்த அன்றைக்கு மழை, அடுப்பு ஈரம், கோணியில் கட்டித் தேநீர்க் கடைக்குப் பின்னால் வைத்தேன், காலையில் கொளுத்திக்கொள்ளலாம் என்று. ஒரு தாளின் பின்பக்கம் இடத்துக்கு வழி கிறுக்கியிருந்தேன். காலையில் கோணி இல்லை. பழைய தாள் வாங்குகிறவன் எடுத்திருக்கலாம், மாடு இழுத்திருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். எதுவாகவும் இருக்கலாம் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன், இப்போது முதல் தடவையாக அந்தக் கோணியின் முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறது, நான் போட்ட முடிச்சு.

கைபேசி அதிர்கிறது. காஞ்சனா. குரலைத் தணித்துக்கொண்டு, "சொல்லும்மா." "ஐயா, எங்க இருக்கீங்க? வேலை போனவங்க எல்லாம் இப்பவே வந்துட்டாங்க. அவளும் வந்துட்டா, ஓரமா உக்காந்திருக்கா, யாரும் பேசல. எல்லாரும் அவ பேரத்தான் சொல்றாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது." "முடிஞ்சுதுன்னா?" "இனிமே அவளோட யாரும் பேச மாட்டாங்க. ஹாஸ்டல் ரூம காலி பண்ணச் சொல்லிருவாங்க. நீங்கதான சொல்லியிருக்கீங்க, புண்ண வச்சுக்கிட்டு வைத்தியம் பாக்க முடியாதுன்னு." நான் சொன்னதுதான், அதுவும் நல்ல நடை. "அவசரப்படாத, வர்றேன்." வைத்துவிட்டாள். ஆறு மாத வயிற்றோடு எந்த அறைக்குப் போவாள், புருஷன் லாரியோடு மகாராஷ்டிரம் போய் மூன்று வாரம் ஆகிறது. அவளை மட்டும் ஏன் வைத்தார்கள். எனக்குத் தெரியும். திங்கட்கிழமையே தெரியும், கேட்ட அந்த நிமிடமே தெரியும். கர்ப்பமாக இருக்கிறவளை வேலையை விட்டு அனுப்பினால் மகப்பேறு நலச் சட்டத்தில் வழக்கு நிற்கும், ஆய்வாளர் வருவார், பிரதீப் சிரிக்கிறவன், முட்டாள் இல்லை. இருபது வருடம் தொழிலாளர் நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுத்தவனுக்கு இது தெரியாதா. அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஒரு வரி, நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே ஹாஸ்டலில் அவளைத் தங்களோடு உட்கார வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். சொல்லவில்லை. ஏனென்றால் அவள் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், பிறகு யார், மண்டபம் பிடித்தது யார், என்று. அறுபது. அறுபத்தொன்றை அழைத்தார்கள், ஆள் இல்லை, போய்விட்டான். அறுபத்திரண்டும் இல்லை. இது அநியாயம், இன்னும் ஐந்து நிமிடம் எனக்கு இருந்தது.

கவுண்டர்ப் பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "சொல்லுங்க சார்." செய்தியைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், "சாரி சார்." "இத யாரு அனுப்பச் சொன்னது?" "நீங்க ஓகே குடுத்திருக்கீங்க சார், ரெண்டு மாசம் முன்னாடி. உங்க தேடலை வச்சு உங்களுக்குப் பிடிச்ச ஆஃபர் அனுப்பட்டுமான்னு ஒரு பெட்டி வந்திருக்கும், சரின்னு அமுக்கியிருக்கீங்க." வந்தது. அவசரமாக ஒரு தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன், நடுவில் வந்து மறைத்தது, அமுக்கித் தள்ளினேன். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்று இந்த வாயால் எத்தனை வாயில் கூட்டத்தில் கத்தியிருக்கிறேன். "என்னப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கான், பாக்கலாமா?" "வழக்கமா காட்ட மாட்டோம் சார்." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி, தாழ்ந்த குரலில் படித்தாள். "பெண். வயசு இருபத்தஞ்சுலேருந்து முப்பத்து நாலு. கர்ப்பம், ஆறாம் மாசம். ஒரகடம், படப்பை. ஆர்வம், மண்டப வாடகை, வளையல், தொழிலாளர் சட்டம், வேலைநிறுத்தம்." நிறுத்திவிட்டு, "உங்க போன வீட்டுல யாராச்சும் யூஸ் பண்றாங்களா சார்?" அது நான் இல்லை. நான் அதில் எங்குமே இல்லை, என் புரை விழுந்த கண் இல்லை, என் ஐம்பது வருடம் இல்லை. அது சகாயராணி. உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி அவளை நானே வரைந்திருக்கிறேன். "இது யாருக்குப் போகுதும்மா?" "பார்ட்னருங்களுக்கு சார். பேரு, நம்பர் எதுவும் போகாது. இந்த மாதிரி ஆளுங்க இந்த ஏரியால இருக்காங்கன்னு மட்டும்தான்." பெயர் எதற்கு, அந்த வட்டாரத்தில் அந்த வயதில் அந்த மாதத்தில் அந்தச் சட்டம் படிக்கிறவள் எத்தனை பேர். "யாரு அந்தப் பார்ட்னர்? ஒரகடத்துல ஒரு கம்பெனி இத வாங்க முடியுமா?" "அது எனக்குத் தெரியாது சார். எங்க மேனேஜருக்கே தெரியாது." "நிறுத்த முடியுமா?" "இனிமே போறத நிறுத்தலாம் சார். போனது போனதுதான்." அடுத்த எண்ணை அமுக்க அவள் விரல் போயிற்று. வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம், மண்டபக்காரன் சொல்லியிருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். எதுவாகவும் இருக்கலாம் என்றபோது வாய் கசந்தது.

அங்கேயே, கவுண்டரை விட்டு நகராமல், காஞ்சனாவைக் கூப்பிட்டேன். நீலச் சட்டைக்காரன் எனக்குப் பின்னால் வந்து நின்றான், அறுபத்து நாலு அவன்தான் போலிருக்கிறது. "காஞ்சனா, சகாயராணி இல்லம்மா." "என்ன ஐயா?" "அவ இல்ல. நான். என் போன்." "போன் போய் எச்.ஆர்.கிட்ட பேசுமா? என்ன ஐயா வெளையாடுறீங்களா?" "வெளையாடல. மண்டபத்த இதுலதான் தேடுனேன், சட்டத்த இதுலதான் படிச்சேன், எல்லாத்தயும் வித்திருக்கான், விக்கலாம்னு நான்தான் சரின்னு அமுக்கியிருக்கேன். அது வழியாத்தான் போச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவ சொன்னான்னு யாராலயும் பண்ண முடியாது." "அப்ப அவள மட்டும் ஏன் வச்சாங்க?" "கர்ப்பமா இருக்கறவள நிறுத்துனா கேசாயிரும். அதான். எனக்குத் திங்கக்கெழமையே தெரியும்." "தெரிஞ்சும் அஞ்சு நாளா சொல்லலியா?" "சொல்லல." "ஐயா, சத்தமா சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், எல்லாரும் கேக்கட்டும்." நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன், தைலத்தம்மா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், காவல்காரன் கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்திருந்தான். ஆயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியவன், போனை இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்தேன். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். மண்டபத்தில் நான் உள்ளே இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், பயந்து வாழைக்காய் நறுக்கினேன் என்று. யாரோ ஒருத்தி அங்கே, "அடப்பாவி மனுஷா" என்றாள், காஞ்சனா இல்லை, வேலை போனவர்களில் ஒருத்தி. அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், கிட்டத்தில். "சகாயராணி பேசுறேன். போன்ல வேணாம் ஐயா. இங்க வந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." "வர்றேம்மா." "வருவீங்களா?" என்று கேட்டாள். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வெளியே வெயில். படப்பை போகிற ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இருந்தார்கள், நான் ஐந்தாவது. ஓட்டுகிற பெண் எங்கே என்று கேட்டாள். நான் எப்போதும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றி நடக்கிறவன், இன்றைக்குத் தெருப் பெயரையும் வீட்டு வாசலில் இருக்கிற வேப்பமரத்தையும் சொன்னேன். "இன்னும் ஒரு ஆள் ஏறணும் ஐயா, ஏறுனதும் எடுத்துரலாம்." கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் இரண்டும் இறங்கு இறங்கு என்றன. என்னை என்ன செய்வார்கள் என்று தெரியும், நானே செய்து காட்டியதுதான், குடத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு ஆள் வரக் கூடாது என்று, சாமி கும்பிடாதவன், எதையோ பார்த்து வேண்டிக்கொண்டேன். கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா வந்து, தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளி உட்கார்ந்தேன்.